வத்தல் நிறமும் செல்லுக்குள் ஒரு கைமாத்தும்

மாசி பிறந்துவிட்டால் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் தரையின் நிறமே மாறிவிடும். மழைக்காலத்தில் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும் கரிசல் மண் காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். அதற்குப் பக்கத்திலேயே களத்திலும் பாறையிலும் ரோட்டோரத்திலும் சிவப்புச் சிவப்பாய் மிளகாய்ப் பழம் காயும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் முழுக்க இதே காட்சிதான். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வைத்த பயிர். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. கண்மாயில் தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டியதுதான்.

வத்தல் காயப்போடுகிறவர்களுக்கு வெயில் வேண்டும். ஆனால் அதே வெயிலைப் பார்த்துப் பயமும் உண்டு. சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் நிறம் போய்விடும். விருதுநகர் கமிஷன் கடையில் சாக்கைப் பிரித்ததும் கை உள்ளே போய் ஒரு பிடி வத்தலை அள்ளி வெளிச்சத்தில் காட்டும். காரம் எவ்வளவு என்று அங்கே யாரும் கடித்துப் பார்ப்பதில்லை. முதலில் நிறம்தான். நிறம் குறைந்தால் விலையும் குறையும், அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அந்த நிறம் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் அது நேராக நம் உடம்பின் செல்லுக்குள் கொண்டுபோய் விடும் என்பதுதான் வேடிக்கை.

மிளகாய்ப் பழத்தின் சிவப்புக்குப் பெயர் கேப்சாந்தின். கேரட்டின் பீட்டா கரோட்டினுக்குச் சொந்தக்காரப் பிள்ளை. இந்த கரோட்டினாய்டுக் கூட்டம் முழுக்க ஒரே சாயல்: நீளமான கார்பன் சங்கிலி, அதில் ஒன்று விட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு. அந்த அமைப்புதான் ஒளியை வாங்கி நிறம் காட்டுகிறது. ஆக்சிஜன் வந்து மோதினால் எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுப்பதும் அதே அமைப்புதான். கொடுத்துக் கொடுத்து ஒரு கட்டத்தில் சங்கிலி அறுந்துபோகும். சங்கிலி அறுந்தால் நிறம் இல்லை. அடியை வேறு எதன் மேலும் விழவிடாமல் தானே வாங்கிக்கொண்டதன் அடையாளம்தான் வெளுப்பு. வெளுத்த வத்தல் என்றால் செலவழிந்துபோன வத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்ற சொல்லைக் கேட்டே இராத ஒரு விவசாயி, அது தீர்ந்துபோவதைக் கண்ணால் பார்த்து, அதற்காகக் காசையும் இழக்கிறார்.

சரி, இப்போது ஊருக்குள் வருவோம்.

கரிசக்காட்டு ஊர்களில் சில வருடங்களாக ஒரு வியாபாரம் நடக்கிறது. கம்பெனி பெயர் எதுவும் வேண்டாம், ஒன்றா இரண்டா சொல்வதற்கு? தெரிந்தவர் மூலமாகத் தெரிந்தவருக்கு விற்கும் சத்துப் பவுடர், மாத்திரை, ஜூஸ். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று இருக்கும். ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

“அப்பத்தா, இதைக் குடிச்சா செல்லுக்குள்ள இருக்குற துருவெல்லாம் போயிரும்.”

“செல்லுன்னா போனாய்யா?”

“இல்ல அப்பத்தா, உடம்புல இருக்குற செல்லு.”

“துரு எடுக்க உப்புத்தாள் வச்சுத் தேய்க்கணும். அதைக் குடிக்கவா சொல்றே?”

அப்பத்தா கிண்டலாகத்தான் கேட்கிறது. ஆனால் சரியான இடத்தில் கை வைத்துவிட்டது. இந்தத் துரு உவமை உலகம் முழுக்க ஓடுகிறது. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்பும் ஆக்சிஜனால் கெடுகிறது, ஆன்டி ஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் துரு நிற்கும் என்று. இதில் முதல் பாதி உண்மை. 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர், வயதாவதற்குக் காரணமே ஃப்ரீ ரேடிகல்கள்தான் என்று ஒரு கொள்கையை வெளியிட்டார். இரண்டாவது பாதியில்தான் சிக்கல். துருப்பிடித்த கம்பி சும்மா கிடக்கும். செல் சும்மா கிடப்பதில்லை. அது நாள் முழுக்க வரவு செலவு செய்துகொண்டே இருக்கிற ஒரு கடை.

கடைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கொஞ்சம் வேதியியல் வரும், பயப்பட வேண்டாம், பி.காம். படிக்கிறவர்களுக்கும் புரியும் :-)

நாம் சாப்பிடும் கூழோ சோறோ கடைசியில் குளுக்கோஸ் ஆகி, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எரிகிறது. எரிவது என்றால் எலக்ட்ரான்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிப்போய், கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்ந்து தண்ணீர் ஆவது. நாலு எலக்ட்ரான் ஒழுங்காகச் சேர்ந்தால் தண்ணீர். நடுவழியில் ஒரே ஒரு எலக்ட்ரான் சிந்தி ஆக்சிஜன் மேல் ஒட்டிக்கொண்டால் அது சூப்பர் ஆக்சைடு. சிந்துவது மிகச் சிறிய பங்குதான். ஆனால் மூச்சு விடுகிற வரைக்கும் சிந்திக்கொண்டே இருக்கும்.

ஜோடி இல்லாத எலக்ட்ரானை வைத்துக்கொண்டு அலைகிற மூலக்கூறுதான் ஃப்ரீ ரேடிகல். அது பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தவன் இப்போது ரேடிகல் ஆகி, தனக்குப் பக்கத்தில் இருப்பவனிடம் பறிப்பான். செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சுவரில் இது ஆரம்பித்தால் வரிசையாகப் பற்றிக்கொண்டு போகும். பழைய கடலை எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறதே, அது இதே வேலைதான். புட்டிக்குள் நடப்பது செல் சுவரிலும் நடக்கும்.

இந்த இடத்தில்தான் வைட்டமின் ஈ வருகிறது. கடலையிலும் எண்ணெய் வித்துகளிலும் இருப்பது. கொழுப்பில் கரையும் என்பதால் செல் சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கை ரொம்பக் குறைவு, சுமார் ஆயிரம் கொழுப்பு மூலக்கூறுக்கு ஒன்று என்ற அளவில்தான். பற்றிக்கொண்டு வரும் சங்கிலிக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அதை அங்கேயே நிறுத்திவிடும். கொடுத்ததும் வைட்டமின் ஈ-யே ரேடிகல் ஆகிவிடும். கொஞ்சம் சாதுவான ரேடிகல், அவ்வளவுதான். ஆயிரத்துக்கு ஒன்று இருப்பது ஒரே தடவையில் தீர்ந்துபோனால் என்ன ஆவது?

தீர்வதில்லை. ஏனென்றால் அது கைமாத்து வாங்குகிறது.

ஊரில் கைமாத்து என்றால் எல்லோருக்கும் தெரியும். சீட்டு இல்லை, வட்டி இல்லை, சாயங்காலம் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒருவர் பக்கத்து வீட்டில் வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பார். பக்கத்து வீடு அதற்கு அடுத்த வீட்டில் வாங்கியிருக்கும். செல்லுக்குள்ளும் அதே கதை. சுவருக்குள் இருக்கும் வைட்டமின் ஈ-க்கு, சுவருக்கு வெளியே தண்ணீர்ப் பக்கம் நிற்கும் வைட்டமின் சி ஒரு எலக்ட்ரான் கொடுத்து அதைப் பழையபடி ஆக்குகிறது. இந்தக் கைமாறல் 1979-ல் பேக்கர், ஸ்லேட்டர், வில்சன் என்ற மூவர் சோதனைச்சாலையில் நேரடியாக அளந்து காட்டியது. கொடுத்துவிட்டுக் கையைக் காட்டி நிற்கும் வைட்டமின் சி-க்குக் குளுட்டாதயோன் கொடுக்கும். (1921-ல் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பெயர் வைத்த பொருள். செல் தானே தயாரித்துக்கொள்வது.) குளுட்டாதயோனுக்கு யார் கொடுப்பது? என்.ஏ.டி.பி.எச். என்ற பெயர் நீண்ட ஒரு ஆசாமி. சரி, அவருக்கு?

அவருக்குக் கொடுப்பது குளுக்கோஸ். அதாவது கம்பங்கூழ். சோளச் சோறு. குதிரைவாலிக் கஞ்சி. ரேஷன் அரிசி!

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு இருந்தே ஆக வேண்டும். டப்பாவில் பளபளக்கும் பழங்களின் படம் போட்டு விற்கிறார்களே, அந்தப் பழத்தின் ஆன்டி ஆக்ஸிடன்ட் எல்லாம் நடுவில் வாங்கிக் கொடுக்கும் கைகள்தான். இந்தக் கணக்கில் கடைசிப் பணம் வருவது அன்றாடச் சாப்பாட்டிலிருந்து. பசியோடு இருக்கும் செல்லுக்குள் எத்தனை வைட்டமின் சி போட்டாலும் கைமாத்து ஓடாது.

சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே உதாரணம் வைத்திருக்கிறது. குளுக்கோஸிலிருந்து என்.ஏ.டி.பி.எச். எடுக்கும் முதல் நொதியின் பெயர் ஜி6பிடி. சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவு. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. மலேரியாவுக்கு பிரைமாகுவின் மாத்திரை கொடுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகையும் மஞ்சள்காமாலையும் வந்துவிடும். மாத்திரை கிளப்பிவிடும் ரேடிகல்களுக்குக் கொடுக்க அந்தச் செல்லிடம் கையில் காசு இல்லை. காரணம் இந்த நொதிதான் என்று 1956-ல் கண்டுபிடித்தார்கள். மருந்தையும் அந்தக் கண்ணியையும் சேர்த்துப் பார்க்கும் வரை யாருக்கும் பிடிபடாமல் இருந்த விஷயம்.

குளுட்டாதயோனைப் பழையபடி ஆக்கும் நொதிக்கு வேறு ஒன்று தேவை: ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. பால், முட்டை, கீரையில் இருப்பது. வாய் ஓரம் வெடித்துப் புண்ணாகும் பிள்ளைகளை நம் ஊர்ப் பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இந்த பி2 குறைவு. அது குறைவா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனையே, குளுட்டாதயோனைத் திருப்பும் அந்த நொதி எவ்வளவு சோம்பலாக வேலை செய்கிறது என்று அளப்பதுதான். ஆக, அந்த வாய்ப்புண் பையனுக்குத் தேவை ஒரு டம்ளர் பாலும் முட்டையும். ஆன்டி ஆக்ஸிடன்ட் டப்பா அவன் கணக்கில் எந்தப் பக்கத்தையும் நேர் செய்யாது.

இந்த இடத்தில் மிளகாய்க்கு ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும். வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி ஹங்கேரிக்காரர். 1928-ல் கொஞ்சம் பிரித்து வைத்திருந்தார், ஆனால் ஆராய்ச்சி செய்யுமளவுக்குக் கிடைக்கவில்லை. அவர் இருந்த செகெட் நகரம் மிளகாய்க்குப் பேர்போனது, நம் விருதுநகர் மாதிரி என்று சொல்லலாம். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு மனைவி பச்சையாகக் குடைமிளகாய் இனத்துப் பழத்தை வைக்க, அதைச் சாப்பிட மனமில்லாமல், சொல்லவும் தைரியமில்லாமல், ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாராம். நடுராத்திரிக்குள் தெரிந்துவிட்டது, அது வைட்டமின் சி-க் களஞ்சியம் என்று! சில வாரங்களில் கிலோ கணக்கில் எடுத்துவிட்டார். 1937-ல் நோபல் பரிசு. அவரே சொன்ன கதை. மனைவியின் சமையலைத் தட்டிக்கழித்து நோபல் வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

(ஒரு திருத்தம்: இது பச்சைப் பழத்துக்குத்தான். வத்தலாகக் காய்ந்தபின் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும், கரோட்டினாய்டுதான் பாக்கி. இன்னொன்று, கரிசலில் மேய்கிற வெள்ளாட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அது தன் ஈரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கு அந்த மரபணு எப்போதோ கெட்டுப்போனது. ஆட்டைப் பார்த்து நாம் பொறாமைப்படலாம்.)

கைமாத்துக் கணக்கு புரிந்துவிட்டால் அடுத்த விஷயம் தானாகப் புரியும். ஒரு கையை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்?

ஃபின்லாந்தில் 29,133 ஆண்கள், எல்லோரும் சிகரெட் பிடிக்கிறவர்கள், 50 முதல் 69 வயது வரை. ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். கேரட்டும் கீரையும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று அதற்கு முன்பே தெரியும். அப்படியானால் அதில் உள்ள பொருளை மாத்திரையாகவே கொடுத்தால் என்ன என்ற நல்ல எண்ணம். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் 21 மாதம் முன்னதாகவே அதை நிறுத்திவிட்டார்கள்.

ஏன்? முழுப் பதிலும் இது என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஆனால் ஒரு விளக்கம் கைமாத்துக் கணக்கோடு ஒத்துப்போகிறது. புகையில் வரும் ரேடிகலுக்கு எலக்ட்ரானைக் கொடுத்த பீட்டா கரோட்டின், இப்போது தானே கடன்காரன். அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது வைட்டமின் சி. சிகரெட், பீடி பிடிக்கிறவர்கள் உடம்பில் வைட்டமின் சி ஏற்கெனவே குறைவு. கொடுக்க ஆள் இல்லாத கடன்காரன் பக்கத்தில் இருப்பவனிடம் பறிக்க ஆரம்பிக்கிறான். தடுக்க வந்தவனே திருடனாகிறான்.

2012-ல் காக்ரேன் அமைப்பு 78 ஆய்வுகளை, 2,96,707 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகளால் ஆயுள் நீளவில்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் இறப்பைச் சற்றே கூட்டுவதாகத்தான் தெரிந்தது. விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: வயதானவர்களுக்கு விழித்திரை நடுப்பகுதி தேய்கிற ஒரு நோயில், அது குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களுக்கு, லூட்டின் சேர்ந்த ஒரு மாத்திரைக் கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. அது கண் டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்து.

ரேடிகல் எல்லாமே எதிரி என்பதும் சரியில்லை. நம் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல ரேடிகலை வேண்டுமென்றே உண்டாக்குகின்றன. உடற்பயிற்சி செய்யும்போது தசையில் கிளம்பும் ரேடிகல், “இங்கே வேலை அதிகம், ஆள் எடுங்கள்” என்று செல்லுக்கு அனுப்பும் தகவல். 2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களை 4 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ-யும் தினமும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. காட்டு வேலை செய்துவிட்டு வந்து மாத்திரை போட்டுக்கொள்வது, சம்பாதித்ததை வழியிலேயே தொலைப்பது போல. கதிர்வீச்சும் சில கீமோதெரபி மருந்துகளும் கூட ரேடிகலை வைத்துத்தான் புற்றுநோய் செல்லைக் கொல்கின்றன. அந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் அன்பாக வாங்கிவரும் டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் திறக்கக் கூடாது.

அப்படியானால் கீரை, காய் சாப்பிடுகிறவர்கள் நன்றாக இருக்கிறார்களே, அது எப்படி?

செடிகளில் வைட்டமின்கள் தவிர ஆயிரக்கணக்கில் பாலிஃபீனால்கள் உண்டு. சோளத்தின் செம்மை, கேழ்வரகின் துவர்ப்பு, வெங்காயத் தோலின் நிறம் எல்லாம் அந்த ரகம். சோதனைக் குழாயில் இவை வெளுத்துக் கட்டும். 2000-ல் வந்த ஒரு கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், தோலோடு 100 கிராம் ஆப்பிளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் வேகம் 1,500 மில்லிகிராம் வைட்டமின் சி-க்குச் சமம் என்று கண்டார்கள். அதில் உள்ள வைட்டமின் சி-யோ வெறும் 5.7 மில்லிகிராம். மீதி எல்லாம் மற்றவை சேர்ந்து செய்வது. இந்த மாதிரிக் குழாய் அளவுகளைப் பட்டியல் போட்டு அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்டது. டப்பா விற்பவர்கள் அதைத் தலையில் வைத்து ஆட, 2012-ல் துறையே அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. குழாயில் கிடைத்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை.

காரணம், பாலிஃபீனால் சாப்பிட்ட அளவில் ரத்தத்துக்குப் போவது சொற்பம். குடல் பாக்டீரியா பாதியை மாற்றும், ஈரல் மீதியை மாற்றி வெளியே தள்ளும். வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஒன்றுமே இல்லை. இவ்வளவு கொஞ்சம் இருந்துகொண்டு எலக்ட்ரான் கடன் கொடுத்து ரேடிகலை ஒழிக்க முடியாது.

அது செய்கிற வேலை வேறு. கதவைத் தட்டுகிற வேலை.

செல்லுக்குள் கீப்1 என்று ஒரு புரதம், என்ஆர்எஃப்2 என்று இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏதாவது உறுத்தலான பொருள் வந்து கீப்1-ன் கந்தகப் பகுதியில் ஒட்டிக்கொண்டால் பிடி விடும். என்ஆர்எஃப்2 நேராக உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் தயாரிக்கும் மரபணுக்களையும் நச்சை வெளியேற்றும் மரபணுக்களையும் முடுக்கிவிடும். இதன் நூல் 1990-களின் இரண்டாம் பாதியில் ஜப்பானில் யமமோட்டோ குழுவினர் கையில்தான் சரியாகப் பிடிபட்டது. கவனியுங்கள், உறுத்தலான பொருள்! பூச்சி தின்னாமல் இருக்கச் செடி வைத்துக்கொள்ளும் கசப்பும் காரமும்தான் அது. முருங்கை வேரைக் கடித்தால் மூக்கில் ஏறுமே ஒரு காரம், அந்தக் குடும்பத்துப் பொருள் இலையிலும் உண்டு. வீட்டுக் கொல்லையில் ஓசியில் நிற்கிற மரம், பிராக்கோலி வேண்டாம்.

கொஞ்சமாக உறுத்தினால் செல் தன் சரக்கைத் தானே பெருக்கிக்கொள்ளும். ஒரு முறை கடன் கொடுப்பதை விட, கடையில் முதலைக் கூட்டிவிடுவது மேல் அல்லவா? ஆனால் அளவுக்கு மிஞ்சினால் இதுவும் வம்பு. பல நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளில் கீப்1 கெட்டுப்போய், என்ஆர்எஃப்2 நிரந்தரமாகத் திறந்துகிடக்கிறது. அதனால் பாதுகாப்பு கிடைப்பது புற்றுநோய் செல்லுக்கு.

இவை ஒன்றோடொன்று சேர்வதும் பிரிவதும் செல்லுக்குள் போகும் முன்பே, அடுப்படியில் ஆரம்பித்துவிடுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் ஏறக்குறைய தெரிவதே இல்லை. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடம்பில் சேர்வது 20 மடங்கு கூடியது. ஈரல் அதை அவசரமாக வெளியே தள்ளுவதை மிளகு தடுக்கிறது. (ஒன்றுமில்லாததன் 20 மடங்கு எவ்வளவு என்ற கேள்வியும் நியாயமானதே. ரசத்தில் போடும் மஞ்சள் 2 கிராம் இருக்காது.) நல்லெண்ணெயில் உள்ள செசமின், காமா வகை வைட்டமின் ஈ-யை ஈரல் உடைத்துப்போடுவதைக் குறைக்கிறது. வத்தலின் சிவப்பும் முருங்கைக்கீரையின் கரோட்டினும் எண்ணெய் இல்லாமல் குடலைத் தாண்டாது. 2004-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கொழுப்பே இல்லாமல் சாலட் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டு கிட்டத்தட்ட ஏறவே இல்லை. கீரைக்கு எண்ணெய் விட்டுத் தாளிப்பதைப் பட்டணத்து டயட்காரர்கள் குறை சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இதை எல்லாம் சொல்லிவிட்டு, ‘நம் முன்னோர் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள்’ என்று முடித்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. 1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி சேர்ந்த பஞ்சாபிச் சாப்பாட்டு எலி நன்றாக வளர்ந்தது. தீட்டிய அரிசியும் கொஞ்சம் காயுமான சென்னை மாகாணத்துச் சாப்பாட்டு எலி கடைசி இடம். (அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னால் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.) கம்பை மட்டுமே நம்பி வாழும் சூடான் கிராமங்களில், அதன் ஃபிளேவனாய்டுகள் தைராய்டு நொதியைத் தடுப்பதால் கழுத்துக் கழலை அதிகம் என்று 1989-ல் எழுதினார்கள். செடிப்பொருள் என்றால் எல்லாம் நல்லது என்று சட்டம் ஒன்றும் இல்லை. அயோடின் உப்பு கிடைக்கும் நம் ஊரில் இது பெரிய கவலை இல்லை.

பெரிய கவலை வேறு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவர்! மிளகாய்க் காட்டில் குனிந்து பழம் எடுக்கிற கூட்டத்தில் பாதி என்று எண்ணிப் பாருங்கள். துவர்ப்புள்ள பாலிஃபீனால் குடலில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர்வது பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது என்று டப்பா மேல் போட்டு விற்கும் அதே பொருள்தான், ரத்தம் இல்லாத பெண்ணுக்கு இருக்கிற இரும்பையும் தடுக்கிறது. வேலைக்கு நடுவே பசியை அமர்த்தக் குடிக்கும் டீ வேறு எத்தனை!

வழி இல்லாமல் இல்லை. டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம். கம்பு மாவை ராத்திரி புளிக்க வைத்துக் காய்ச்சும்போது இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் குறைகிறது. கூழோடு பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வது வெறும் ருசிக்கு மட்டும் அல்ல. அதில் உள்ள வைட்டமின் சி, உள்ளே போக முடியாமல் நிற்கும் இரும்புக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து, குடல் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. அருப்புக்கோட்டைச் சந்தையில் ஒரு டப்பா சத்துப் பவுடரின் விலைக்குக் கொய்யாவும் முட்டையும் வாங்கினால் ஒரு மாதத்துக்கு வரும்.